பாடுறதுக்கு முன்னாடியே தாங்கிட்டான்

 

போன கிருத்திகை அன்னைக்கு ராத்திரி ஒரு தங்கச்சிகிட்ட இருந்து மெசேஜ் வந்தது. "அண்ணா, 48 நாள் வேல்மாறல் முறையா படிச்சு முடிச்சேன். கேட்டது நடக்கலை. வீடியோவுக்குக் கீழ கமெண்ட்ல பார்த்தா எல்லாருக்கும் நடந்திருக்கு. எனக்கு மட்டும் நடக்கலைன்னா, முருகனுக்கே என்னைப் பிடிக்கலைன்னுதானே அர்த்தம்?"

உடனே பதில் போட முடியலை. "எல்லாம் நல்லதுக்கே, நம்பிக்கை வைங்க"ன்னு ஒரு வரி டைப் பண்ணிட்டு அழிச்சிட்டேன். ஏன்னா அந்தத் தங்கச்சி கேட்டது வேண்டுதலைப் பத்தி இல்லை. "எனக்கு ஏதாவது மதிப்பு இருக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. இதே கேள்வியை ரெண்டு வருஷம் முன்னாடி நானும் கேட்டிருக்கேன். அதனால இந்தப் பதிவு அவங்களுக்கு மட்டும் இல்லை, ராத்திரி ரெண்டு மணிக்கு போனை வெறிச்சுப் பார்த்துட்டு இதையே யோசிக்கிற எல்லாருக்கும்.

நாம படிக்கிற வேல்மாறல் எங்க இருந்து வந்தது? அருணகிரிநாதர் பாடின வேல் வகுப்பை, வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் மாத்தி மாத்தி வர்ற மாதிரி அமைச்சுக் கொடுத்ததுதான் வேல்மாறல். அப்போ இந்தக் கேள்விக்குப் பதிலை அருணகிரிநாதர்கிட்ட இருந்தே ஆரம்பிப்போம்.

விழுந்தவர்

அருணகிரியார் வாழ்ந்தது 15ஆம் நூற்றாண்டு. ஊர் திருவண்ணாமலை. அவர் கதையை நாம எல்லாரும் கேட்டிருக்கோம். செவிவழியா வந்த வரலாறு அது. இளமையில் மனம் போன போக்கில் வாழ்ந்தார். கையில் இருந்த காசு போச்சு, உடம்பில் நோய் வந்தது. தன்னை வளர்த்த அக்காவின் மனசையே நோகடித்தார். ஒரு நாள் தான் யார்னு அவருக்கே தெரிஞ்சப்போ, அந்தக் கூச்சத்தைத் தாங்க முடியாமல் கோபுரத்தின் மேல் ஏறி விழுந்தார். முருகன் தாங்கிக்கொண்டான். இன்னைக்கும் அண்ணாமலையார் கோவிலில் வல்லாள மகாராஜா கோபுரத்தைக் காட்டி இதைச் சொல்வாங்க.

இந்தக் கதையை நாம எப்பவும் அதிசயமாவே கேட்டுட்டுப் போயிடறோம். ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கிறதில்லை. முருகன் தாங்கின அந்த நொடியில அருணகிரியார்கிட்ட என்ன இருந்தது?

திருப்புகழ் இல்லை. கந்தர் அலங்காரம் இல்லை. கந்தர் அனுபூதி இல்லை. வேல் வகுப்பும் இல்லை. ஒரே ஒரு பாட்டுகூட அவர் அதுவரைக்கும் பாடலை. 48 நாள் விரதம் இருந்ததாகவும் யாரும் சொல்லலை. காட்டிக்கொள்ள ஒரு நல்ல செயல்கூட இல்லாத ஆளைத்தான் முருகன் கையில ஏந்தினான்.

பாட்டெல்லாம் அதுக்கு அப்புறம்தான் வந்தது. "முத்து"ன்னு முதல் சொல்லை முருகனே எடுத்துக்கொடுத்தான், அதுக்கு அப்புறம்தான் திருப்புகழ் பிறந்ததுன்னு சொல்வாங்க. அப்போ வரிசையைப் பாருங்க. முதல்ல தாங்கினான், அப்புறம்தான் பாட்டு. "நல்லா பாடு, அப்புறம் தாங்குறேன்"னு அவன் சொல்லலை.

நாம இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுட்டோம். ஆஃபர் லெட்டர் வந்தா எனக்கு மதிப்பு. கல்யாணம் ஆனா எனக்கு மதிப்பு. 48 நாள் முடிஞ்சு கேட்டது நடந்தா முருகனுக்கு என்னைப் பிடிக்கும். இல்லைன்னா பிடிக்காது. இது பக்தி இல்லைங்க. ஆபீஸ்ல இருக்கிற அப்ரைசலை கோவிலுக்குள்ள கூட்டிட்டு வந்திருக்கோம், அவ்வளவுதான்.

இங்க ஒன்னை அழுத்திச் சொல்லணும். இந்தக் கதையை வச்சு "விழுந்தா முருகன் தாங்குவான்"னு யாரும் கணக்குப் போடக் கூடாது. கதை சொல்ல வர்றது அது இல்லை. அவர் உயிர் போகணும்னு முருகன் விரும்பலை, அதுதான் கதை. உங்க உயிரும் போகணும்னு அவன் விரும்பலை. இன்னைக்கு அவனோட கை ஒரு நண்பனா, ஒரு டாக்டரா, ஒரு போன் காலா வரும். அதைப் பதிவோட கடைசியில சொல்றேன்.

அறுபதாம் படி

இப்போ என் கதை. சொல்ல இன்னும் கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

எங்க ஊர் திருச்செங்கோடு. நான் பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலையில இருந்தேன். ஒரு ராத்திரி ரிலீஸ்ல நான் பண்ண தப்பால சர்வீஸ் சில மணி நேரம் நின்னுடுச்சு. சரி பண்ணினோம். சில மாசம் கழிச்சு ஆட்குறைப்பு வந்தது, என் பேரும் அதுல இருந்தது. அந்தத் தப்புக்காகத்தான் எடுத்தாங்கன்னு யாரும் சொல்லலை. ஆனா என் மனசு சொல்லிடுச்சு. அது சொன்னதை நானும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்.

பெட்டியோட ஊருக்கு வந்துட்டேன். வீட்ல "ஒர்க் ஃப்ரம் ஹோம் கொடுத்திருக்காங்க"ன்னு சொன்னேன். மூணு மாசம். தினமும் காலையில ஒன்பதரைக்குக் குளிச்சு, திருநீறு பூசி, கதவைச் சாத்திட்டு லேப்டாப் முன்னாடி உட்காருவேன். அம்மா சத்தம் போடாம டீ கொண்டுவந்து வச்சிட்டுப் போவாங்க, மீட்டிங்ல இருக்கேன்னு நினைச்சு. அந்த டீயைக் குடிக்கிறதுதான் இருக்கிறதிலேயே கஷ்டமான வேலை.

சாயங்காலம் தெருவுல யாராவது "தம்பி, சம்பளமெல்லாம் நல்லா வருதுங்களா?"ன்னு சும்மா கேட்டாலும், இவருக்கு விஷயம் தெரிஞ்சுதான் கேட்கிறார்னு தோணும். கூடப் படிச்சவனோட பதவி உயர்வு போஸ்ட்டைப் பார்த்தா ரெண்டு நாள் சோறு இறங்காது. மனசுக்குள்ள ஒரே ஒரு வரிதான் ஓடிட்டே இருக்கும்: "நீ எதுக்கும் லாயக்கில்லாதவன்."

ஒரு கிருத்திகை அன்னைக்கு மலைக்குக் கிளம்பினேன். மேல வரைக்கும் வண்டி போற ரோடு இருக்கு. ஆனா வண்டியில போனா சீக்கிரம் திரும்பி வீட்டுக்கு வரணுமேன்னு படியேறினேன். 1,200க்கும் மேல படி. பாதி வழியில பாறையிலேயே செதுக்கின ஐந்து தலை நாகர் இருக்கார், அறுபது அடி நீளம் இருக்கும், மேல முழுக்க மஞ்சளும் குங்குமமும். அதைத் தாண்டினா அறுபதாம் படி. எங்க ஊர்ல இதுக்கு சத்தியப் படின்னு பேர்.

மூச்சு வாங்க அங்க உட்கார்ந்தேன். பக்கத்துல ஒரு தாத்தா தன் பேரனுக்குச் சொல்லிட்டு இருந்தார். "அந்தக் காலத்துல பங்காளிச் சண்டை, கொடுக்கல் வாங்கல் தகராறு எதுவானாலும் இங்கதான் கண்ணு கூட்டிட்டு வருவாங்க. இந்தப் படியில நின்னு சத்தியம் பண்ணிட்டா அதோட பேச்சு முடிஞ்சது. பொய்ச் சத்தியம் பண்ண எவனுக்கும் வாய் வராது."

பேரன் கேட்டான்: "வாய் வராட்டி?"

"வாய் வராட்டி அது பொய்."

சின்ன வயசுல இருந்து நூறு தடவை கேட்ட விஷயம்தான். அன்னைக்கு வேற மாதிரி கேட்டது. அவங்க மேல ஏறிப் போனதுக்கு அப்புறம் எனக்கு ஒன்னு தோணுச்சு. மூணு மாசமா என் மனசு என் மேல ஒரு வழக்கு போட்டு, தீர்ப்பும் சொல்லிட்டு இருக்கு. அந்தத் தீர்ப்பை இந்தப் படியில வச்சு சத்தியமா சொல்ல முடியுமா?

எழுந்து நின்னு சொல்லிப் பார்த்தேன். "நான் எதுக்கும் லாயக்கில்லாதவன். இது சத்தியம்."

வாய் வரலை.

எதுக்குமேவா? அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தப்போ பத்து நாள் ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாரு? கல்லூரி ஃபீஸுக்கு வாங்கின கடனை அடைச்சது யாரு? ஜூனியர் பையன் ரெண்டு பேருக்கு வேலை கத்துக்கொடுத்தது யாரு? "எதுக்கும்"ங்கிற வார்த்தை அந்தப் படியில நிக்கலை. சரிஞ்சு விழுந்துடுச்சு.

சரி, எதைச் சத்தியமா சொல்ல முடியும்னு பார்த்தேன். "அந்த ரிலீஸ்ல தப்பு பண்ணது நான்." சொல்ல முடிஞ்சது. "எனக்கு இப்போ வேலை இல்லை." சொல்ல முடிஞ்சது. மூணாவதா ஒன்னு தானா வந்தது. "நான் அப்பா அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு இருக்கேன்."

அதைச் சொன்னப்போதான் அழுகை வந்தது. மூணு மாசமா என்னை அரிச்சது வேலை போனது இல்லை, இதுதான்னு அப்போதான் புரிஞ்சது.

மனசு போடுற பொய்க் கையெழுத்து

பின்னாடி இதைப் பத்தி கொஞ்சம் படிச்சேன். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960கள்ல ஒன்னைக் கவனிச்சார். மனச்சோர்வுல இருக்கிறவங்க மனசுல, அவங்க கூப்பிடாமலே சில எண்ணங்கள் தானா ஓடிட்டே இருக்கு. அந்த எண்ணங்கள் ஒரே மாதிரி கோணல்ல இருக்கு. அதை அவங்க எண்ணம்னு நினைக்கிறதில்லை, உண்மைன்னு நினைக்கிறாங்க. அந்த எண்ணத்தைச் சாட்சியோட வச்சுச் சோதிச்சுப் பார்க்கக் கத்துக்கொடுத்தா பாரம் குறையுது. இன்னைக்கு உலகம் முழுக்க மனநல மருத்துவத்துல பயன்படுற ஒரு முறையே இதுல இருந்து வளர்ந்ததுதான்.

படிச்சப்போ சிரிப்பு வந்தது. எங்க ஊர்ல இதுக்கு ஒரு படியே கட்டி வச்சிருக்காங்களே!

நம்ம மனசு அடிக்கடி போடுற பொய்க் கையெழுத்து சிலதைச் சொல்றேன். உங்களுக்கும் பொருந்துதான்னு பாருங்க.

ஒன்னு, நூறு இல்லைன்னா சைபர். முதல் ரேங்க் இல்லைன்னா தோல்வி. ஒரு நாள் விரதம் தவறினா மொத்தமும் வீண். இந்த மலையில மூலவர் யாருன்னு யோசிங்க. அர்த்தநாரீஸ்வரர். ஒரு பாதி அப்பன், ஒரு பாதி அம்மை. ரெண்டும் வேற வேற, ஆனா உடம்பு ஒன்னு. "நான் தப்பு பண்ணேன்", "நான் நல்ல பிள்ளை". இந்த ரெண்டும் ஒரே ஆள்கிட்ட ஒரே நேரத்துல இருக்க முடியும். ஒரு பாதியை மட்டும் பார்த்து ஆளை முடிவு பண்ணாதீங்க.

ரெண்டு, ஒன்னை வச்சு எல்லாத்தையும் எடை போடுறது. இதுக்குப் பதில் எங்க அப்பா சொன்னார். கொஞ்ச நேரத்துல வர்றேன்.

மூணு, அடுத்தவங்க மனசைப் படிக்கிறது. "அவர் என்னைக் கேவலமா நினைக்கிறார்." உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டீங்களா? சம்பளத்தைப் பத்திக் கேட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தன் பையனுக்கு வேலை சொல்லி விடத்தான் கேட்டிருக்கார், அப்புறம்தான் தெரிஞ்சது. மனுஷங்க மனசையே நம்மால படிக்க முடியலை. இதுல முருகன் மனசைப் படிச்சு "அவனுக்கு என்னைப் பிடிக்கலை"ன்னு முடிவு பண்றோமே, தங்கச்சி, இது எவ்வளவு பெரிய துணிச்சல்!

நாலு, அடுத்தவங்க வெளிச்சத்தை நம்ம இருட்டோட ஒப்பிடுறது. வீடியோவுக்குக் கீழ "நடந்துச்சு"ன்னு எழுதுறவங்கதான் அதிகம். நடக்காதவங்க அமைதியா போனை வச்சிட்டுப் போயிடறாங்க. உங்களை மாதிரியே. அதனால கமெண்ட்ல "எல்லாருக்கும்" நடந்த மாதிரி தெரியுது.

ஒவ்வொன்னுக்கும் ஒரே கேள்விதான். இதை அறுபதாம் படியில நின்னு சத்தியமா சொல்ல முடியுமா? முடிஞ்சா அது உண்மை, அதுக்கு ஏதாவது செய்யணும். முடியாட்டி அது மனசோட பேச்சு, வந்த வழியே போகட்டும்.

அப்பா சொன்னது

அன்னைக்கு மேல போய் தரிசனம் முடிச்சு இறங்கினேன். ராத்திரி சாப்பிட்டு அப்பா திண்ணையில உட்கார்ந்திருந்தார். அவர் இருபது வருஷம் ரிக் வண்டியில ஓடினவர். ஆந்திரா, மத்தியப் பிரதேசம்னு போர் போடாத ஊர் இல்லை. எங்க ஊர்க்காரங்களுக்கு இது தெரியும், இந்தியாவுல எங்க போர் போட்டாலும் வண்டியில திருச்செங்கோடுன்னு எழுதியிருக்கும்.

"அப்பா, எனக்கு வேலை போயி மூணு மாசமாச்சுங்க."

ரொம்ப நேரம் ஒன்னும் பேசலை. அப்புறம் கேட்டார். "மூணு மாசமா அந்த ரூமுக்குள்ள தனியாவாடா உட்கார்ந்திருந்த?"

நான் வேலையைப் பத்திச் சொன்னேன். அவர் கேட்டது என்னைப் பத்தி.

அப்புறம் சொன்னார். "800 அடி இறக்குவோம், வெறும் புகையாத்தான் வரும். காட்டுக்காரர் மூஞ்சியைப் பார்க்க முடியாது. ஆனா அந்தப் பாயிண்டுல தண்ணி இல்லை, அவ்வளவுதான் சாமி அதுக்கு அர்த்தம். காடே வறண்டதுன்னு எவனும் சொல்ல மாட்டான். அடுத்த பாயிண்டு பார்ப்பாங்க."

ரெண்டாவது பொய்க் கையெழுத்துக்குப் பதில் இதுதான். ஒரு பாயிண்டு பொய்த்ததை வச்சு காட்டுக்கு விலை போடாதீங்க.

கையில் இருக்கிற சேவல்

சரி, எண்ணத்தைச் சோதிச்சாச்சு. ஆனா பயம், பொறாமை, கோபம், கூச்சம் எல்லாம் உடனே போயிடுமா? போகாது. எனக்குப் போகலை. "முருக பக்தனா இருந்துட்டு இப்படிப் பொறாமைப்படலாமா"ன்னு அதுக்கு மேல இன்னொரு குற்ற உணர்ச்சி வேற வந்து உட்காரும்.

எங்க ஊர் செங்கோட்டு வேலவரைப் பார்த்திருக்கீங்களா? வலது கையில வேல். இடது கையில சேவலை இடுப்போட அணைச்சுப் பிடிச்சிருப்பார். பல கோவில்ல சேவல் கொடியில இருக்கும். இங்க குழந்தையைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி இடுப்புல இருக்கும்.

அந்தச் சேவல் யாரு? சூரபத்மன். கடைசிப் போர்ல மாமரமா நின்னவனை வேல் ரெண்டாப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். ரெண்டும் அப்பவும் சண்டைக்குத்தான் பாய்ஞ்சு வந்தது. முருகன் அருளோட பார்த்தான், அடங்கிடுச்சு. மயிலை வாகனமாக்கினான், சேவலைக் கொடியாக்கினான்.

கவனிங்க, மூணு செயல். முதல்ல பார்த்தான். அப்புறம் ஏத்துக்கிட்டான். அப்புறம் அதுக்கு ஒரு வேலை கொடுத்தான். கொன்னு தூக்கி எறியலை.

நம்மளும் இதையே செய்யலாம். பொறாமை வர்றப்போ முதல்ல பாருங்க. "எனக்கு இப்போ பொறாமையா இருக்கு"ன்னு பேர் சொல்லுங்க. "நான் பொறாமைக்காரன்"னு இல்லை. "எனக்குள்ள இப்போ பொறாமை இருக்கு." அப்புறம் அது இருக்கட்டும்னு விடுங்க. அடிச்சு விரட்டாதீங்க. அப்புறம் என்ன சொல்ல வந்ததுன்னு கேளுங்க.

சேவலோட வேலை கூவுறது. கூவி எழுப்பும். நாம என்ன பண்றோம்? மொபைல் அலாரத்தை ஸ்நூஸ் போடுற மாதிரி ரீல்ஸ் போட்டு அமுக்கிடறோம். பயம் கூவினா, எதையோ நீங்க பத்திரமா வச்சுக்க நினைக்கிறீங்க. கோபம் கூவினா, எங்கயோ நியாயம் தவறியிருக்கு. பொறாமை கூவினா, உங்களுக்கு உள்ளூர ஒரு ஆசை இருக்கு, அதை நீங்க இன்னும் ஒத்துக்கலை. கூச்சம் கூவினா, நீங்க மதிக்கிற ஒன்னை நீங்களே மீறிட்டீங்க.

எனக்கு மூணு மாசமா கூவினது அந்தக் கடைசிச் சேவல்தான். எங்க வீட்ல நேர்மைதான் பெரிய சொத்துன்னு வளர்ந்தவன் நான். அதை மீறினதுதான் உள்ள அரிச்சது. அந்த வலி நான் கெட்டவன்னு சொல்லலை. எனக்கு எது முக்கியம்னு சொல்லுச்சு. முக்கியமே இல்லாத விஷயம் வலிக்காதுங்க.

"நானே தப்பு" இல்லை

இங்க ஒருத்தர் கேட்கலாம். "அண்ணா, அருணகிரியாரே திருப்புகழ்ல தன்னை இழிவாத்தானே சொல்லிக்கிறார்? கடையேன், பாவின்னு எத்தனை இடத்துல வருது?"

நல்ல கேள்வி. வருது. ஆனா அந்தப் பாட்டு எங்க போய் முடியுதுன்னு பாருங்க. திருப்புகழ் பாட்டு பெரும்பாலும் "பெருமாளே"ன்னு அவனைக் கூப்பிட்டுத்தான் முடியும். தன் குறையைச் சொல்ல ஆரம்பிச்சவர் அதுலயே சுத்திக்கிட்டு நிக்கலை. வேல், மயில், வள்ளி, அந்தந்த ஊரோட வயல், மலைன்னு பார்த்துட்டே போய் அவன் காலடியில சேர்ந்துடறார். நாம நம்மளைத் திட்டிக்கிறது எப்படி? நான், என்னால, எனக்கு, நான், என்னால, எனக்கு. ப்ரோக்ராம் எழுதுற எங்க பாஷையில சொன்னா, வெளிய வர வழியே இல்லாத லூப்.

"நான் தப்பு பண்ணேன்" என்கிறது ஒரு வாசல். அதுல இருந்து மன்னிப்பு கேட்கலாம், திருத்தலாம், அடுத்த தடவை கவனமா இருக்கலாம். "நானே ஒரு தப்பு" என்கிறது சுவர். அதுல முட்டிக்கலாம், அவ்வளவுதான். அருணகிரியார் முதல்ல சுவர்ல முட்டினவர்தான். அதுதான் அந்தக் கோபுரம். தாங்கினதுக்கு அப்புறம் அதே குறைகளை வாசலாக்கிக்கிட்டார். இன்னைக்கு நம்ம கைக்குக் கிடைச்ச திருப்புகழ் மட்டுமே 1,300 பாட்டுக்கு மேல. எல்லாம் அந்த வாசல் வழியா வந்ததுதான்.

ரெண்டு கண் போதலை

கடைசியா ஒன்னு. அருணகிரியார் எங்க மலைக்கும் வந்திருக்கார். கந்தர் அனுபூதியில நாகாசலம்னு இந்த மலையோட பேரைச் சொல்லி முருகனைக் கூப்பிடுறார். கந்தர் அலங்காரத்துல செங்கோடனைப் பத்தி ஒரு பாட்டு இருக்கு. அதுல பிரம்மா மேல அவருக்கு ஒரு குறை. செங்கோட்டு முருகனைப் பார்த்துக் கும்பிட இந்த ரெண்டு கண் எப்படிப் போதும், ஆயிரக்கணக்குல கொடுத்திருக்க வேண்டாமான்னு ஆதங்கப்படுறார்.

யார் சொல்றது இதை? "இனி இந்த உலகத்துல பார்க்க எனக்கு ஒன்னும் இல்லை"ன்னு ஒரு நாள் கண்ணை மூடிக் கோபுரத்துல இருந்து விழுந்தவர். அதே மனுஷன் இங்க வந்து கண் போதலைன்னு கேட்கிறார்.

அந்த விழுந்த நாள்ல அவர் மனசு அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கும்? "உன் கதை முடிஞ்சது"ன்னுதான். அது பச்சைப் பொய். கதை ஆரம்பிக்கவே இல்லை. அவர் மனசுக்கு அது தெரியலை. உங்க மனசுக்கும் இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அது தெரியாது.

எனக்கு அதிசயம் ஒன்னும் நடக்கலை. அப்பாகிட்ட சொல்லி நாலு மாசம் கழிச்சு வேலை கிடைச்சது, முன்னைவிடக் குறைஞ்ச சம்பளத்துல. "லாயக்கில்லாதவன்"ங்கிற அந்தக் குரல் இன்னும் வருது, ஒவ்வொரு ரிலீஸ் அன்னைக்கும். இப்போ அதை அறுபதாம் படிக்குக் கூட்டிட்டுப் போறேன், மனசாலதான். ஒரு தடவைகூட அதுக்கு வாய் வந்ததில்லை.

தங்கச்சி, உங்க கேள்விக்குப் பதில். நீங்க கேட்டது ஏன் நடக்கலைன்னு எனக்குத் தெரியாது. ஆனா நடக்காததை வச்சு உங்க மதிப்பைக் கணக்குப் போட முடியாது. ஒரு பாட்டுகூடப் பாடாதவரையே தாங்கினவன் அவன். நீங்க 48 நாள் பாடியிருக்கீங்க. அந்த 48 நாளும் காலையில எழுந்து அவனை நினைச்ச மனசு இருக்கே, அது பலனுக்குக் கொடுத்த விலை இல்லை. அதுவே பலன்தான்.

இந்த வாரம் எல்லாரும் ஒன்னு மட்டும் செய்யுங்க. உங்களை அரிக்கிற அந்த ஒரு வரியை ஒரு பேப்பர்ல எழுதுங்க. வேலவன் முன்னாடி வச்சு, "இது சத்தியம்"னு சொல்லிப் பாருங்க. வாய் வராத வார்த்தையை அடிச்சிடுங்க. மிச்சம் நிக்கிற உண்மை எதுவோ, அதுக்கு ஒரே ஒரு சின்ன வேலை செய்யுங்க. ஒரு மன்னிப்பு, ஒரு போன் கால், ஒரு அப்ளிகேஷன், எதுவானாலும்.

அதையும் செய்ய முடியாத அளவுக்கு இருட்டா இருந்தா, வாழ வேண்டாம்னு தோணினா, தனியா உட்காராதீங்க. மத்திய அரசோட டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், காசு இல்லை, தமிழ்ல பேசலாம். பக்கத்துல இருக்கிற ஒருத்தரை எழுப்பிச் சொல்லுங்க. டாக்டரைப் பார்க்கிறது பக்திக் குறைவு இல்லை. வைத்தீஸ்வரன் கோவில்ல அவனுக்கு முத்துக்குமாரசுவாமின்னு பேர், மருந்து கொடுக்கிற அப்பாவோட பிள்ளை அவன்.

எங்க அப்பா கேட்டாரே, "தனியாவாடா உட்கார்ந்திருந்த?"ன்னு. மலை மேல நின்னுக்கிட்டு செங்கோட்டு வேலவரும் உங்களை அதைத்தான் கேட்கிறார்.

வேலும் மயிலும் சேவலும் துணை.
செங்கோட்டு வேலவனுக்கு அரோகரா!